இருபது ஃபிரேம் முன்னால்

நாலு மணிக்கு மஸ்தான் பாய் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார், ஏழாவது ரீல் இன்னும் மேஜைமேல் சுற்றின சுற்றாகவே கிடக்கிறது, தணிகாசலம் கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். எடுத்தால் கை வியர்த்தது. வைத்தால் சுவர்க் கடிகாரம் காதில் விழுந்தது. பார்க்காமல் வெட்டு என்றால் எப்படி வெட்டுவது, தையல்காரனிடம் போய்த் துணியைத் தொடாமல் சட்டை தைத்துக் கொடு என்கிற மாதிரி. தகரக் கூரை காய்ந்தது, புட்டியிலிருந்த ஒட்டுப்பசை அழுகின வாழைப்பழ வாடை அடித்தது, கீழே சைக்கிள் கடையில் எவனோ ஒரே போல்ட்டை அரை மணியாகத் தட்டிக்கொண்டிருந்தான். அறை முழுக்கத் தகர டப்பா. டப்பாவுக்குள் பேசும்படம் வந்த புதிதில் எடுத்த படங்கள். அப்போதெல்லாம் வெள்ளைக்காரப் போலீஸ் படத்தில் கதர்க் குல்லா தென்படுகிறதா என்றுதான் உற்றுப் பார்க்குமாம், பெண்பிள்ளை முத்தம் கொடுத்தால் அதற்கென்ன போச்சு. இப்போது சுதந்திரம், புதுச் சட்டம், புது சென்சார் போர்டு. பழைய படத்தைத் திரும்ப ஓட்டணுமென்றால் போர்டிலிருந்து ஒரு தாள் வரும், தாளில் இருப்பதை எல்லாம் தணிகாசலம் வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்ட வேண்டும், எட்டு மாதமாக அவன் பார்க்கிற பிழைப்பு இதுதான். எட்டு மாதத்தில் எத்தனை பெண்களை வெட்டியிருப்பான். குளிக்கிறவள், குடிக்கிறவள், புருஷனைச் செருப்பால் அடிக்கிறவள். ஒருத்தி சோபாவில் சாய்ந்து படுத்து ஆப்பிள் தின்றாள், அவ்வளவுதான், அதையும் வெட்டச் சொன்னார்கள், ஏன் என்று இன்றுவரை அவனுக்கு விளங்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினான், பொய் சொல்வானேன், அவனுக்குப் பதினேழு வயசு. யார் வீட்டுப் பெண்ணோ. இன்றைக்குத் தாளில் ஒரே ஒரு வரி. ரீல் ஏழு, படகுக்காரன் மகள் ஈரத்துணியுடன் கரையேறுவது, புகை பிடிப்பது, தானாகவே முத்தமிடுவது, முழுவதும் நீக்கவும், அறுபத்திரண்டு அடி. அந்தத் தானாகவேயில் வந்து வந்து முட்டிக்கொண்டான். கூட நடிக்கிற ஆள் கொடுத்தான் என்றால் அது வேறே. தானாகவே. இதை டைப் அடித்த குமாஸ்தா யாரோ, அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். அவனுக்கு என்ன தெரியும், அந்தப் படகுக்காரன் மகள் தணிகாசலத்தைப் பெற்ற அம்மா என்று.

காலையில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. பழைய சோற்றைப் பிசைந்துகொண்டே, வெள்ளிக்கிழமை ஒரு பழைய படம் போடுகிறோம், சம்பந்தி வீட்டுக்கு பாஸ் கொடுத்திருக்கிறேன் என்று பீற்றிக்கொண்டான். அம்மா பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், ஆயா வேலை, நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை. என்ன படம் என்று கேட்டாள். பெயரைச் சொன்னான். கொசுவத்தைச் சொருகின கை அங்கேயே நின்றுவிட்டது. கொல்லையில் அக்கா சுலோச்சனா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. "அதுல ஒரு படகுக்காரப் பொண்ணு வருவா," என்றாள் அம்மா. "அது நாந்தான்." அவன் சிரித்தான். நிஜமாகவே சிரித்தான், வாயில் சோறு. அம்மா சிரிக்கவில்லை. நாடகக் கம்பெனியில் இருந்தது அவனுக்குத் தெரியும், அப்பா அங்கே ஆர்மோனியம் வாசித்ததும் தெரியும், இது மட்டும் தெரியாது. கல்கத்தாவில் எடுத்தார்களாம். கம்பெனியே ரயிலேறிப் போனதாம். அக்கா கைக்குழந்தையாம். மிஸ் செண்பகவல்லி என்று எழுத்துப் போட்டிருக்குமாம். அந்த ஒரே ஒரு இடத்தில்தான் வருவாளாம், முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதையெல்லாம் அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். செண்பகவல்லி எப்போது வெறும் வள்ளியம்மா ஆனாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை, தோன்றினதெல்லாம் தாளில் இருந்த வரிதான், தாளில் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று உளறிவிட்டான். அம்மா முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. "வெட்டிரு," என்றாள். "பாக்காத." பார்க்காமல் வெட்ட முடியாதம்மா என்றான். "முடியும். எங்க டாக்டரம்மா வயித்துமேல கைய வெச்சே பிள்ள எப்படிக் கிடக்குதுன்னு சொல்லுது. நீயும் தடவிப் பாத்து வெட்டு." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள். அப்போதுதான் கவனித்தான், கொல்லையில் பாத்திரச் சத்தமும் இல்லை, அக்காவின் வளையல் சத்தமும் இல்லை. கொஞ்சம் பொறுத்துத் திரும்ப ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

அக்காவைத்தான் அந்தச் சம்பந்தி முனிரத்தினம் மகனுக்குப் பேசியிருக்கிறது. பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது, தை பிறந்தால் கல்யாணம். மாப்பிள்ளை நல்ல மாதிரி, அச்சாபீசில் வேலை, அதிகம் பேசமாட்டார், அக்காவை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் இரண்டு ஞாயிறு அந்தத் தெருவிலேயே சைக்கிள் ரிப்பேர் ஆனவர். அப்பன்தான் ஆள் ஒரு தினுசு. கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தா, நெற்றி நிறையத் திருநீறு, எங்கே உட்கார்ந்தாலும் இந்தக் காலத்துப் பெண்களைப் பற்றி ஒரு பாட்டம் அழுதுவிட்டு, பழைய படத்தில்தான் குடும்பப் பாங்கு இருந்தது என்று முடிப்பார். தணிகாசலம் மனசுக்குள் சிரித்துக்கொள்வான், அவர் இப்போது பார்க்கிற பழைய படம் எல்லாம் இவன் வெட்டி ஒட்டினது, இவன் கத்தரி போட்ட குடும்பப் பாங்கு. ஆனால் சின்ன வயசில் வெட்டாமல் பார்த்திருப்பார்தானே, மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா. மறக்கவில்லை. நேற்றுத்தான் தெரிந்தது. பாஸ் வாங்க இங்கேயே படியேறி வந்தார், வாங்கி ஜோபியில் போட்டுக்கொண்டு ஒரு படி இறங்கினவர் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அதுல ஒரு ஆத்துக் காட்சி வருமே தம்பி, இன்னும் இருக்குதா?" என்றார். நெற்றியில் இருந்த திருநீறு கண்ணில் இல்லை. இவனும் மடையன் மாதிரி, இருக்கும் மாமா, வந்து பாருங்க என்று இளித்தான். இளித்த வாயைக் கிழித்துப் போட வேண்டும். பதினேழு பதினெட்டு வருஷமாக அந்த ஆள் மண்டைக்குள் ஈரத்துணியோடு ஒருத்தி கரையேறிக்கொண்டே இருக்கிறாள், அவள் கையால் போன மாதம் பலகாரம் வாங்கித் தின்றுவிட்டுப் போனார், இழுத்துப் போர்த்தின முந்தானைக்குள் அவளைத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை திரையில் எட்டடி உயரத்துக்கு அந்த முகம் வந்தால் தெரியாதா. தெரியும். தெரிந்தால் தை மாதம் இல்லை, மாப்பிள்ளை இல்லை, அக்கா திரும்பக் கொல்லையில் பாத்திரத்தோடு. ஆக வெட்டத்தான் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. வெட்டுவது பற்றி அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை, பிறகு ஏன் மணி மூன்றேகால் ஆகியும் கை போகவில்லை என்பதுதான்.

நாயுடு சாரும் போகிற போக்கில் ஒரு மிரட்டு மிரட்டிவிட்டுப் போயிருந்தார். அவர்தான் மானேஜர், கீழே முன்னறையில் டெலிபோனோடு குடியிருப்பவர், பிலிம் தீப்பிடிக்குமென்று பீடியை விட்டுப் பொடிக்கு மாறியவர். அவர் மிரட்டினதில் நியாயம் இருக்கிறது. பேசும்படத்தில் ஒரு வில்லங்கம் உண்டு, டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஜனங்களுக்கு அது தெரியாது. பிலிமில் படம் ஓர் இடத்தில் இருக்கும், அதற்குண்டான சத்தம் அங்கேயே இருக்காது, இருபது ஃபிரேம் முன்னாலேயே ஓரத்தில் கோடாக ஓடிப்போயிருக்கும். மிஷினில் படம் காட்டுகிற இடம் மேலே, சத்தம் படிக்கிற இடம் கீழே, அதனால் அப்படி. ஆள் வருவதற்கு முன்னாலேயே ஆளுடைய குரல் வந்து முந்தின ஆளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சேர்ந்த புதிதில் இது தணிகாசலத்துக்கு உறைக்கவில்லை. ஒரு புராணப் படத்தில், நாட்டியக்காரி வந்து அத்தான் என்று கழுத்தைக் கட்டிக்கொள்கிற இடத்தை வெட்டச் சொன்னார்கள், அவள் படம் ஆரம்பிக்கிற ஃபிரேமில் சரியாக வெட்டினான். அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே முனிவர், கண் மூடித் தவம். செங்கல்பட்டுக் கொட்டகையில் அந்த முனிவர், தாடி அசையாமல், பெண் குரலில் அத்தான் என்றார். கொட்டகையே கூரை பிய்த்துக்கொண்டு போனது. இரண்டாம் நாள் அந்த இடத்துக்கென்றே ஆள் வந்தார்கள், மூன்றாம் நாள் கோயில் தர்மகர்த்தா டெலிபோன் பண்ணினார். அன்றைக்கு வாங்கின வசவு, நாலாம் பாரத்தில் கணக்கு வாத்தியாரிடம்கூட அவன் வாங்கினதில்லை. அந்த வாத்தியார் கேள்வி கேட்டார், தெரியாது சார், உங்களுக்கும் தெரியாமத்தான் புஸ்தகத்தைப் பாக்கறீங்க என்று இவன் சொன்னான், அத்தோடு படிப்பு சரி. உண்மையைச் சொன்னால் எவனுக்குப் பிடிக்கிறது. நாயுடு இன்றைக்கு மூக்குப்பொடிக் கையை ஆட்டிக்கொண்டே சொன்னார். "படத்துலேர்ந்து வெட்டாத. இருபது ஃபிரேம் முன்னாலேர்ந்து எடு. சத்தமும் சேந்து தொலையணும். இன்னொரு முனிவர் பேசினார்னா நீ வேற எடம் பாத்துக்க." சரி சார் என்றான். இந்த வேலையும் போனால் அக்கா கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் தம்பி என்ன பண்றான் என்ற கேள்விக்கு என்ன பதில்.

விளக்கைப் போட்டான். மேஜையின் நடுவில் பால்கண்ணாடி, அதற்கு அடியில் பல்பு, பிலிமை அதன்மேல் இழுத்தால் ஒவ்வொரு கட்டமும் எரியும். விளக்கை அணைத்தான். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கூட வெட்டலாம், ரீலின் தலையிலிருந்து இத்தனாவது அடி என்று தாளிலேயே இருக்கிறது, அளக்கிற சக்கரம் இருக்கிறது, அம்மா சொன்னது ஒன்றும் நடக்காத காரியமில்லை. அதுதான் உண்மை. பார்க்காமல் வெட்ட முடியாது என்று இவ்வளவு நேரம் தனக்குத்தானே கதைவிட்டுக்கொண்டிருந்தான். பார்க்க வேண்டும் என்று இருந்தது, பார்க்கப் பயமாகவும் இருந்தது. ஈரத்துணிக்குப் பயம் இல்லை. அந்த ஆள். முத்தம் வாங்குகிற அந்த ஆள். தணிகாசலம் பிறந்தது யுவ வருஷம் ஐப்பசி, படம் வெளிவந்ததும் யுவ வருஷம், டப்பா மேலேயே எழுதியிருக்கிறது. விரலை மடக்கி எண்ணினான். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினான். மாசி, தை, மார்கழி என்று பின்னால் பின்னால் போய்க் கல்கத்தாவில் இடித்துக்கொண்டது. அப்பா கோவிந்தசாமி கறுப்பு, சப்பை மூக்கு, அக்காவும் அப்படியே. இவன் மூக்கு நீளம், நடுவில் ஒரு மேடு. இந்த மூக்கு யார் மூக்கு என்று எதிர்வீட்டுக் கிழவர் ஒரு தடவை விளையாட்டுக்குக் கேட்டார், அம்மா பதிலுக்கு அவர் வீட்டுப் பூனையைப் பற்றி ஏதோ கேட்டு வாயை அடைத்தாள். அப்பாவைப் பற்றி அவனுக்கு இருக்கிற ஞாபகமே கொஞ்சம்தான், நாலு வயசில் விஷக்காய்ச்சலில் போய்விட்டார், ஆர்மோனியத் துருத்தியை அமுக்குகிற இடது கை மட்டும் நினைவிருக்கிறது, அந்தக் கைக்கு ஒரு மோதிரம், அவ்வளவுதான். அந்த ஒரு கையையும் பிடுங்கிக்கொண்டு அந்த இடத்தில் பவுடர் பூசின ஒரு மூஞ்சியை வைத்துவிட்டால் என்ன செய்வது. பார்த்துவிட்டுப் பார்க்காதவனாக ஆக முடியாதே. எத்தனையோ அடி வெட்டி எறிந்திருக்கிறான், தன் கண்ணிலிருந்து எதையாவது வெட்ட முடிந்ததா, அந்த ஆப்பிள் தின்றவள் இன்னும் தின்றுகொண்டிருக்கிறாள். இந்த அம்மாதான் பன்னிரண்டு வயசில் அவன் வாயில் பீடி வாடை கண்டு விறகுக் கட்டையால் வாங்கு வாங்கென்று வாங்கினாள். புகை பிடிப்பது என்று தாளில் இருக்கிறது. இந்த அம்மாதான் சிரித்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள், தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. முன்பல் எடுப்பு, அதற்கு வெட்கம் என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசல்வரை அவள் குரல் கேட்கும், வலி எடுத்துக் கத்துகிற பெண்களிடம், சத்தம் போடாத, பல்லக் கடிச்சுக்க, சத்தம் போடாத. வீட்டிலும் அதேதான். கதவை மெல்லச் சாத்து. மெல்லப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

படியில் மூச்சு வாங்குகிற சத்தம். மஸ்தான் பாய், அரை மணி முன்னாலேயே. சாக்கைக் கதவோரம் போட்டுவிட்டு, கட்டியிருந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெட்டின துண்டுகளை எல்லாம் எடைக்கு எடுத்துப் போகிறவர் அவர், சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் மேலே இருக்கிற படமெல்லாம் கரைந்து வெள்ளி அடியில் தங்கும், மிச்சம் இருக்கிற வெறும் பிலிமைச் சாயம் ஏற்றி வளையல் ஆக்குவார்கள். ஊரில் பாதிக் கைகளில் கிடப்பது அதுதான். "என்ன தம்பி, இந்த வாரம் எத்தனை பொம்பளைங்கள முடிச்சே?" என்றார், வாராவாரம் கேட்கிற கேள்வி. வழக்கமாக இவனும் ஏதாவது எண்ணிக்கை சொல்வான். இன்றைக்கு, ஒண்ணு பாக்கி இருக்கு பாய் என்றான். அவர் எட்டி மேஜையைப் பார்த்தார், இவன் தன்னையறியாமல் கையை விரித்து ரீலின்மேல் வைத்துக்கொண்டான், எங்கே அவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று, சுற்றிக் கிடக்கிற பிலிமில் என்ன தெரியப்போகிறது, கறுப்புத் தட்டுதான். பாய் அதைக் கவனித்தாரோ என்னவோ. போன வாரத்துச் சரக்குக்குப் பச்சைச் சாயம் போட்டது அருமையாக வந்திருக்கிறதென்றும், தன் மருமகளே பிடிவாதம் பிடித்து ஒரு ஜோடி வாங்கிக்கொண்டாளென்றும், யார் யார் ஆடினதெல்லாம் இப்போது அவள் கையில் கிடந்து மாவு பிசைகிறதென்றும் சொல்லிச் சிரித்தார். "நான் கீழ டீ சாப்புட்டு வரேன். மெதுவா முடி. அவசரப்பட்டா கத்தரி கோணும்." இறங்கிப் போனார். அக்கா கையில் கிடப்பதும் பச்சைதான். பொங்கலுக்கு அவனே வாங்கிக் கொடுத்தது.

உட்கார்ந்தான். விளக்கைப் போட்டான். கையுறையை மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினான், பிலிம் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்கு ஓடியது, மூக்கைப் பார்த்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம், அந்த ஆள் மூக்கை ஒரே ஒரு ஃபிரேமில் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடலாம். அளவுச் சக்கரம் தாளில் சொன்ன எண்ணுக்கு வந்ததும் நிறுத்தினான். கண்ணாடியில் ஒரு ஜமீன்தார். கிழவர், நாற்காலி, பெரிய மீசை, வெற்றிலை மெல்கிறார், குலப்பெருமை பற்றி ஏதோ யோசிக்கிற மாதிரி புருவத்தை வைத்திருக்கிறார். அடுத்த ஃபிரேமிலும் மெல்கிறார். அடுத்ததிலும். தள்ளிக்கொண்டே போனான், மெல்கிறார், மெல்கிறார், படம் மாறியது, ஆற்றங்கரை. லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தான். தண்ணீரை அறுத்துக்கொண்டு ஒரு பெண் தலை. யாரோ பெண். அக்கா மாதிரி இருக்கிறாள், அக்காவைவிடச் சின்னவள் மாதிரி இருக்கிறாள். ஒரு ஃபிரேம் தள்ளினால் ஒரு விரற்கடை மேலே வருகிறாள். தோள். கழுத்தில் ஒட்டின முடி. ஒற்றைத் துணி, முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகியிருக்கிறது, எங்கும் ஒட்டியிருக்கிறது, அவள் அதை இழுத்துவிடவில்லை, அதைப் பற்றி அவளுக்கு நினைப்பே இல்லை. வாய் திறந்திருக்கிறது. முன்பல் இரண்டும் எடுப்பாக, நனைந்து, பளீரென்று. பொத்திக்கொள்ளக் கை போகவில்லை, கை இரண்டும் கரையைப் பிடித்திருக்கின்றன. தலையைப் பின்னால் எறிந்துவிட்டுச் சிரிக்கிறாள், தொண்டைக்குழி தெரிகிறது. அவன் தள்ளினான். கரையில் உட்கார்ந்திருக்கிற ஒருவன் வாயிலிருந்து சிகரெட்டைப் பிடுங்குகிறாள், ஓர் இழுப்பு இழுக்கிறாள், இருமவில்லை, அப்படியானால் இது முதல் தடவை இல்லை, கள்ளி, விறகுக்கட்டையால் அடித்தாயே. சிகரெட்டை ஆற்றில் எறிகிறாள். அந்த ஆளின் குடுமியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறாள். தானாகவே. ஆமாம், தானாகவேதான், குமாஸ்தா சரியாகத்தான் அடித்திருக்கிறான். அப்புறம் அவனைத் தள்ளிவிட்டுத் திரும்ப ஆற்றில் குதிக்கிறாள், தண்ணீர் தெறிக்கிறது, வட்டம் வட்டமாகப் போகிறது, அவள் இல்லை. அதற்கடுத்துத் திரும்ப அதே ஜமீன்தார், மெல்கிறார். தணிகாசலம் லென்ஸை எடுத்தான். கண்ணைச் சுற்றி வட்டமாக வலித்தது. திரும்ப முதலிலிருந்து சுற்றினான், இன்னொரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவது தடவை முடிந்தபிறகுதான், அந்த ஆளின் மூக்கைப் பார்க்கத்தானே எடுத்தோம் என்று ஞாபகம் வந்தது. பார்க்கவில்லை. மூன்று தடவையும் பார்க்கவில்லை. இப்போது சுற்றிப் பார்க்கலாம், அரை நிமிஷ வேலை. போகட்டும் என்று விட்டான். மூக்கு யாருடையதாக இருந்தால் என்ன, அந்தச் சிரிப்பு இவனிடம் வரவில்லையே, அக்காவிடமும் வரவில்லையே, அதை எங்கே கொண்டுபோய் வைத்தாள்.

சத்தம் எப்படி இருக்கும்? இங்கே மிஷின் கிடையாது, கேட்க வழியில்லை. பார்க்கத்தான் முடியும். பிலிம் ஓரத்தில் சத்தக் கோடு ஓடுகிறது, யாரும் பேசாத இடத்தில் வழவழவென்று, பேசுகிற இடத்தில் ரம்பப் பல் மாதிரி. எட்டு மாதத்தில் அதைப் படிக்கக் கொஞ்சம் பழகியிருந்தான், இது பாட்டு, இது அழுகை, இது கதவு. பின்னால் சுற்றினான், அவள் தலை தண்ணீரிலிருந்து எழும்புகிற ஃபிரேம், அதற்கும் பின்னால், இருபது எண்ணினான், ஜமீன்தார். வெற்றிலை மெல்கிற ஜமீன்தாரின் காதோரம் வழவழவென்று வந்துகொண்டிருந்த கோடு திடீரென்று வெடித்திருந்தது. பல் பல்லாக, உயரமாக, இவ்வளவு உயரமான கோட்டை இவன் ஒரு சண்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அம்மா. சத்தம் போடாத என்கிற அம்மா. அது ஆரம்பம்தான், மிச்சச் சிரிப்பு அவள் படத்தின்மேலேயே ஓடுகிறது, அது அவளோடு போய்விடும், சோடா உப்பில் கரைந்துவிடும், வெள்ளியாகிவிடும், பச்சை வளையலாகி எவள் கையிலாவது மாவு பிசையும். ஜமீன்தார் பக்கத்தில் கிடப்பது ஒன்றேகால் அடி. ஒரு நொடிகூட முழுசாக இல்லை. வெள்ளிக்கிழமை முனிரத்தினம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார், திருநீறும் துண்டுமாக, ஏழாவது ரீலுக்காகக் காத்துக்கொண்டு, ஆற்றுக் காட்சி வருமென்று நாற்காலி நுனிக்கு நகர்ந்து. வராது. மீசைக்காரக் கிழவர் ஒருவர் வெற்றிலை மெல்லுவார். எங்கிருந்தென்று தெரியாமல் ஒரு பெண் சிரிப்பு அந்த மூஞ்சியின்மேல் வந்து விழும், உடனே அறுந்துபோகும், அவர் பாட்டுக்கு மென்றுகொண்டே இருப்பார். யார் சிரித்தது என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்க்கட்டும். அவருக்குத் தெரியாது. வள்ளியம்மா வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டிருக்க முடியாது, பெற்ற பிள்ளையே கேட்டதில்லை. நாயுடு விடமாட்டார். செங்கல்பட்டு மாதிரி ஊர் சிரித்தால் சனிக்கிழமை காலை படியேற வேண்டாம் என்று சொல்லிவிடுவார். சொல்லட்டும். தெரியாமல் செய்ததற்கே அவ்வளவு வசவு, தெரிந்து செய்தால் என்ன கூடிவிடப் போகிறது. கூடத்தான் கூடும், அது அவனுக்குத் தெரியும், இருந்தாலும்.

கத்தரியை எடுத்தான். கை வியர்க்கவில்லை. அம்மாவின் தலை தண்ணீரிலிருந்து எழும்புகிற முதல் ஃபிரேம், அதற்கும் ஜமீன்தாரின் கடைசி ஃபிரேமுக்கும் நடுவில் இருக்கிற கறுப்புக் கோடு, அதில் வைத்து வெட்டினான். வட்டங்கள் அடங்கி ஆறு வெறும் ஆறான இடத்தில் இன்னொரு வெட்டு. பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி, இந்தப் பக்கத்து ஜமீன்தாரையும் அந்தப் பக்கத்து ஜமீன்தாரையும் சேர்த்து அமுக்கிப் பத்து எண்ணினான். ஒட்டிக்கொண்டது. அறுபத்திரண்டு அடியையும் சுருட்டினான், உள்ளங்கை அகலம் இருந்தது, கனமே இல்லை. ஒரு ஃபிரேமையாவது கத்தரித்து ஜோபியில் போட்டுக்கொள்ளலாமா என்று கை போனது, அம்மா துவைக்கிற சட்டை, வேண்டாம். பாய் டீ வாடையோடு மேலே வந்தார். சாக்கில் போட்டான், மற்றத் துண்டுகளுக்கு நடுவே விழுந்து கொஞ்சம் பிரிந்துகொண்டு கிடந்தது. இவ்வளவுதானா என்றார். இவ்வளவுதான் என்றான். சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே அவர் இவன் முகத்தைப் பார்த்தார், தோளில் தட்டிவிட்டு இறங்கினார். கீழே நாயுடு டெலிபோனில் யாருக்கோ, எல்லாம் சுத்தமா எடுத்தாச்சு, குழந்தைங்களோட வந்து பாக்கலாம் என்று கத்திக்கொண்டிருந்தார். தணிகாசலம் ஏழாவது ரீலைச் சுற்றி டப்பாவில் வைத்து மூடினான். சாயங்காலம் அம்மா கேட்பாள், வெட்டினியா என்று கேட்பாள், வெட்டிட்டேன் என்பான், அது உண்மை. பாத்தியா என்று கேட்டால் பார்த்தேன் என்றே சொல்லிவிடுவான், அடித்தால் அடிக்கட்டும். இருபது ஃபிரேம் முன்னாலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தார் நாயுடு. எடுக்கவில்லை.